மோட்டார் முதுகில் ஒரு சென்சார்: நூற்பாலை மெயின்டனன்ஸ்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து மில்கள் சிலவற்றில் எச்-பிளான்ட் (மில்லுக்குள் ஈரக் காற்று தரும் பிரிவு) மோட்டார்களின் மேல் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயரில்லாத அதிர்வு சென்சார் அது. நான் மில் மெயின்டனன்ஸில் இருப்பவன், சென்சார் விற்பவன் இல்லை. எங்கள் மில்லில் மாட்டிய பிறகு பக்கத்து மில்காரர்கள் ஃபோனில் கேட்ட கேள்விகளையும், மாட்டுவதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இந்த டப்பா என்னதான் செய்கிறது?

உள்ளே அதிர்வை அளக்கும் ஒரு சிப், வெப்பநிலைக்கு ஒரு சிப், சின்ன கணினி, ரேடியோ, பேட்டரி. குறித்த நேரத்துக்கு ஒருமுறை விழித்து, சில விநாடிகள் மோட்டாரின் நடுக்கத்தை அளந்து, அதை எண்களாக்கி, சுவரில் மாட்டிய கேட்வேக்கு அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். கேட்வே அதை இன்டர்நெட்டுக்கோ, மில்லுக்குள்ளேயே இருக்கும் கம்ப்யூட்டருக்கோ தள்ளிவிடும்.

பழைய ஃபிட்டர்கள் ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் ஹவுஸிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். இது ராத்திரி மூன்று மணிக்கும் கேட்கும், போன மாதம் கேட்டதை மறக்காது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று முதலில் நினைத்தேன். காதுக்கு எட்டாத சத்தத்தையும் இது கேட்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது.

காது, கை, அனுபவம் இருக்கிறது. போதாதா?

ஒரு பேரிங் எப்படிச் சாகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். முதலில் வளையத்தின் மேற்பரப்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. பிறகு ஒரு சின்னச் செதில் பெயர்கிறது. அந்தக் குழியை ஒவ்வொரு குண்டும் தாண்டும்போது ஒரு தட்டு விழும். அந்தத் தட்டில் பேரிங்கும் ஹவுஸிங்கும் மணியடித்த மாதிரி பல ஆயிரம் ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். இந்தக் கட்டத்தில் மில் இரைச்சலுக்கு நடுவே காதுக்கு ஒன்றும் தெரியாது. கை வைத்தாலும் தெரியாது. உயர் அதிர்வெண் முடுக்கத்தை அளக்கும் சென்சாருக்கு மட்டும் தெரியும்.

அடுத்து குழி பெரிதாகி, அதிர்வின் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது, ஏற ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு காதுக்குக் கேட்கும். சூடு கடைசியில்தான் வரும். "சார், தொட முடியலைங்க" என்று ஃபிட்டர் வந்து சொல்லும்போது பெரும்பாலும் நம் கையில் மிச்சம் இருப்பது சில மணி நேரம். ஆகவே வெப்பநிலையை மட்டும் அளக்கும் சென்சாரை "முன்கூட்டியே சொல்லும்" என்று யாராவது விற்றால், எவ்வளவு முன்கூட்டி என்று கேளுங்கள்.

திரையில் பத்து எண் ஓடுகிறது. எதைப் பார்ப்பது?

அதிர்வு வேகம் முதலில். 10 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அளந்த ஆர்.எம்.எஸ். மதிப்பு (ஒருவகைச் சராசரி), அலகு மி.மீ./விநாடி. இதற்கு ஐ.எஸ்.ஓ. 10816-3 என்ற தரநிலை பல வருடமாக இருந்தது; 2022 முதல் அந்த இடத்தில் 20816-3 இருக்கிறது. 15 முதல் 300 கிலோவாட் வரையுள்ள இயந்திரம் அசையாத அடித்தளத்தில் இருந்தால் எல்லைகள் 1.4, 2.8, 4.5. அடித்தளம் நெகிழ்வானதாக இருந்தால் 2.3, 4.5, 7.1. முதல் எண்ணுக்குக் கீழே புது இயந்திரத்தின் நிலை. இரண்டாவது வரை கவலையில்லாமல் ஓட்டலாம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருந்தால் வேலைக்கு நாள் குறிக்க வேண்டும். மூன்றாவதைத் தாண்டினால் நிறுத்துவதுதான் நல்லது.

எச்-பிளான்ட் ஃபேன்கள் பல, இரும்புச் சட்டத்திலோ ரப்பர் பேட் மேலோ நிற்பவை. அவற்றை அசையாத அடித்தளக் கணக்கில் போட்டால் தினமும் மஞ்சள் அலாரம்தான். எங்களுக்கு முதல் மாதம் அதுதான் நடந்தது. சென்சார் சரியாகத்தான் சொன்னது. செட்டிங்கில் நாங்கள் தவறான பெட்டியை டிக் செய்திருந்தோம்.

இந்த எல்லைகளைவிட முக்கியம், அந்த இயந்திரத்தின் சொந்தச் சரித்திரம். ஒரு வருடமாக 3.8-லேயே நிற்கும் ஃபேனைவிட, 1.2-லிருந்து மூன்று வாரத்தில் 2.4-க்கு வந்த ஃபேன்தான் எனக்குப் பயம். இரண்டாவது முக்கியமான எண், மேலே சொன்ன உயர் அதிர்வெண் முடுக்கம். அது ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் பேரிங் அல்லது கிரீஸ் பிரச்சினை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. வேகம் மட்டும் ஏறினால் பேலன்ஸ் (சுற்றும் பாகத்தில் எடை ஒரு பக்கம் கூடியிருப்பது), அலைன்மென்ட் (இணைந்த இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாதது), லூஸான போல்ட் பக்கம் பாருங்கள்.

பேரிங்கா, கப்ளிங்கா, பேலன்ஸா? எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் போட்டால், அதாவது எஃப்.எஃப்.டி. வரைபடம் எடுத்தால், ஒவ்வொரு கோளாறும் தனித்தனி இடத்தில் தலை காட்டும்.

1,440 சுற்றில் ஓடும் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். 60-ஆல் வகுத்தால் 24 ஹெர்ட்ஸ். அந்த 24-இல் ஒற்றை முள்போல உயர்ந்து நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேலன்ஸ். அதன் இரட்டிப்பான 48-இல் நின்றால் அலைன்மென்ட், அதாவது இரண்டு ஷாஃப்டை இணைக்கும் கப்ளிங் பக்கம். 24, 48, 72, 96 என்று வரிசையாகச் சீப்புப் பல் மாதிரி நின்றால் எங்கோ போல்ட் தளர்ந்திருக்கிறது.

பேரிங் முற்றிலும் வேறு இடத்தில் வரும். 6205 பேரிங்கில் ஒன்பது குண்டுகள். வெளி வளையத்தில் குழி இருந்தால் ஒரு சுற்றுக்கு 3.585 தட்டு, உள் வளையத்தில் இருந்தால் 5.415 தட்டு. 24 ஹெர்ட்ஸால் பெருக்கினால் 86, 130. இந்தத் தசம எண்கள்தான் அழகே: பேலன்ஸோ அலைன்மென்டோ இப்படி முழு எண் அல்லாத மடங்கில் வராது. பேரிங் கேட்டலாக் கையில் இல்லையென்றாலும் ஒரு குறுக்குவழி உண்டு. குண்டுகளின் எண்ணிக்கையை 0.4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய வெளி வளையம், 0.6-ஆல் பெருக்கினால் உள் வளையம். ஒன்பதுக்குப் போட்டுப் பாருங்கள், 3.6, 5.4. ஒட்டி வந்துவிடும்.

மென்பொருள் இதையெல்லாம் தானே செய்து "வெளி வளையம்" என்று எழுதிக் காட்டும். ஆனால் பேரிங் எண் தவறாகப் பதிவாகியிருந்தால் அதுவும் தவறாகத்தான் சொல்லும். ரீவைண்டிங் போன மோட்டார் திரும்பி வரும்போது உள்ளே என்ன பேரிங் போட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

எங்கே ஒட்டுவது? காந்தம் போதுமா?

பேரிங்குக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. நடுவில் திடமான இரும்பு இருக்க வேண்டும். மோட்டாரின் பின்பக்கத் தகரக் கவரில் மட்டும் ஒட்டவே கூடாது. அந்தத் தகரம் தன் பாட்டுக்கு ஆடும். அதைத்தான் சென்சார் அளக்கும். கூலிங் ஃபின்களின் முனையிலும் அப்படியே. இரண்டு ஃபின்களுக்கு நடுவில் எபாக்ஸி நிரப்பி அடிவரை பிடிமானம் கொடுத்து ஒட்டுவது வழக்கம்.

துளை போட்டுத் திருகுவதுதான் சிறந்த முறை. அடுத்தது கெட்டியாக இறுகும் எபாக்ஸி. காந்தம் மூன்றாவது இடம். நாளைக்கு இடம் மாற்ற வசதி, ஆனால் மேல் அதிர்வெண்களை அது விழுங்கிவிடும், அதாவது பேரிங் முதலில் பேசும் பாஷையே போய்விடும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைப் பற்றிப் பேச வேண்டாம். எதுவானாலும் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிந்த பிறகு ஒட்டுங்கள்.

எந்த இயந்திரங்களில் ஆரம்பிப்பது?

இந்த இடத்தில் எனக்குப் பலரோடு கருத்து வேறுபாடு உண்டு. விற்பவர்கள் "நூறு மோட்டாருக்கும் போடுங்கள்" என்பார்கள். முதலாளி "ரொம்ப விலையுள்ள மெஷினுக்குப் போடு" என்பார். இரண்டும் வேண்டாம்.

ஒரு மோட்டார் நின்றால் அதோடு சேர்ந்து எத்தனை மெஷின் நிற்கும் என்று எண்ணுங்கள். எச்-பிளான்ட் சப்ளை ஏர் ஃபேன், ரிட்டர்ன் ஏர் ஃபேன், கம்ப்ரசர், வேஸ்ட் இழுக்கும் சென்ட்ரல் ஃபேன் ஆகியவை பட்டியலின் மேலே வந்துவிடும். ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்) டிபார்ட்மென்ட்டில் பருத்திக்கு ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் வேண்டும். சப்ளை ஃபேன் நின்றால் அது சரிந்து, நூல் அறுந்துகொண்டே இருக்கும். மெஷின் நிற்காமலேயே உற்பத்தி போகும். கம்ப்ரசர் நின்றால் ஆட்டோகோனர் (நூலைக் கோனில் சுற்றும் மெஷின்) வரிசை மொத்தமாகப் படுக்கும்.

இந்த ஃபேன்களுக்கு இன்னொரு தகுதியும் உண்டு. ஒரே சீராக நாள் முழுக்க ஓடுபவை. ஈரக் காற்றிலும் பஞ்சு தூசியிலும் ஆள் அடிக்கடி போகாத இருட்டறையில் இருப்பவை. சென்சார் இல்லாவிட்டால் யாரும் பார்க்காத இடம். இருபது முப்பது சென்சாரோடு இங்கே ஆரம்பித்து, ஆறு மாதம் பழகிவிட்டு மேலே போகலாம்.

மாற்று மோட்டார் ஸ்டோரில் தயாராக இருந்து, அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம் என்றால், அந்தச் சின்ன மோட்டாருக்கு சென்சார் வீண். ஓடிக் கெடட்டும், மாற்றிக்கொள்ளலாம்.

ரிங் ஃபிரேம் ஸ்பிண்டில் ஒவ்வொன்றுக்கும் போடலாமா?

வேண்டாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்), அதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. ரிங்கில் ஓடும் சின்ன வளையமான டிராவலர் சுற்றுகிறதா என்று பார்த்து, நூல் அறுந்ததையும் மெதுவாகச் சுற்றும் ஸ்பிண்டிலையும் சொல்லும் அமைப்பு அது. வேறு நோக்கம், வேறு தொழில்நுட்பம். மெயின் மோட்டாருக்கும் சக்‌ஷன் மோட்டாருக்கும் வேண்டுமானால் அதிர்வு சென்சார் போடலாம்.

டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) போட்ட ஃபேன் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறதே, எண்ணை எப்படி நம்புவது?

நியாயமான சந்தேகம். டிரைவ் 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது எடுத்த அளவையும் 35-இல் எடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரே வேகத்தில் எடுத்த அளவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். டிரைவிலிருந்து வேகத்தை வாங்கிப் பதிவு செய்யும் அமைப்பு என்றால் இன்னும் நல்லது.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் அதிர்வு திடீரென்று ஏறி, தாண்டியதும் இறங்கினால், அது சட்டத்தின் சொந்த அதிர்வெண்ணோடு மோதுகிறது. பேரிங்கைக் கழற்றாதீர்கள். டிரைவில் அந்த வேகத்தைத் தாண்டிப் போகச் சொல்லும் செட்டிங் இருக்கும். அதைப் போட்டால் போதும்.

டிரைவ் மோட்டாருக்கு உரிய இன்னொரு நோயும் உண்டு. ஷாஃப்டில் மின்னழுத்தம் ஏறி, அது பேரிங் வழியாகப் பொறியாகப் பாயும். கழற்றிப் பார்த்தால் வளையத்தில் தகரக் கூரை மடிப்புபோல் வரிவரியாகத் தடம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வெறும் பேரிங்கை மட்டும் மாற்றினால் மறுபடி அதே கதைதான். ஷாஃப்ட் கிரவுண்டிங் பிரஷ்ஷோ, மின்கடத்தாப் பூச்சுள்ள பேரிங்கோ போட வேண்டும்.

மில் முழுக்க இரும்பும் ஈரமும். சிக்னல் எட்டுமா?

எட்டும், ஆனால் கேட்வே வைக்கும் இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. புளூடூத்தும், சென்சார்களில் வரும் வைஃபையும் பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ். கான்கிரீட் டக்டுக்குள் இருக்கும் ஃபேனிலிருந்து அது வெளியே வரத் திணறும். லோரா என்ற முறை இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865–867 மெகா ஹெர்ட்ஸ் பகுதியில் ஓடுகிறது. சுவரைத் தாண்டுவதில் கெட்டிக்காரன். ஆனால் மூட்டை சின்னது. தூரத்துக்காக வேகத்தைக் குறைத்தால் ஒரு தடவைக்கு 51 பைட்தான். 4,096 புள்ளிகள் கொண்ட ஓர் அதிர்வு அலையை அப்படியே அனுப்ப 8,192 பைட் வேண்டும். 160-க்கு மேற்பட்ட மூட்டை. அதனால் லோரா சென்சார்கள் பெரும்பாலும் கணக்கை உள்ளேயே போட்டு, முடிவை மட்டும் அனுப்பும். முழு அலையும் வேண்டுமென்றால் புளூடூத் போன்ற குறுந்தூர ரேடியோவும், பக்கத்தில் ஒரு கேட்வேயும்.

பெரிய ரசாயன ஆலைகளில் வயர்லெஸ்ஹார்ட் என்ற முறை பழக்கம். ஒரு சென்சாரின் செய்தியைப் பக்கத்துச் சென்சார் வாங்கிக் கடத்தும். மில்லுக்கு அது தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பேட்டரி ஐந்து வருடம் வரும் என்கிறார்கள். வருமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டபுள் ஏ அளவு லித்தியம் தயோனைல் குளோரைடு செல்லில் சுமார் 2.4 ஆம்பியர்-மணி இருக்கும். ஐந்து வருடம் என்றால் 43,800 மணி நேரம். வகுத்தால் சராசரி 55 மைக்ரோ ஆம்பியர். டார்ச் பல்பு ஒன்று எடுப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் அளவு, கணக்கு, ரேடியோ எல்லாம் அடங்க வேண்டும். செல் தானாகச் சாவதையும் இதில் சேர்க்கவில்லை. சூட்டில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

ஆக, மணிக்கு ஒருமுறை சின்ன அளவு, ஒரு நாளைக்கு ஒருமுறை முழு அலை என்று இருந்தால் வரக்கூடும். "ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முழு அலை வேண்டும்" என்று செட்டிங்கை மாற்றிவிட்டு பேட்டரி போச்சே என்று திட்டக் கூடாது. பேரிங் கெடுவது ஐந்து நிமிஷத்தில் நடப்பதில்லை. சிக்னல் பலவீனமான இடத்தில் திரும்பத் திரும்ப அனுப்பியே பேட்டரி தீரும், அதையும் கவனியுங்கள்.

பேட்டரியை மாற்ற முடியுமா, அல்லது டப்பாவையே தூக்கிப் போட வேண்டுமா என்பதை வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எச்-பிளான்ட்டில் மூடியின் ரப்பர் சரியாக உட்காரவில்லை என்றால் அடுத்த வாரமே உள்ளே தண்ணீர்.

ஏ.ஐ. இருக்கிறது, எந்தத் தேதியில் கெடும் என்றே சொல்லும் என்கிறார்களே?

தேதி சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே நாளில் வாங்கி, ஒரே சுமையில் ஓடும் பத்து பேரிங்குகளும் ஒரே நாளில் சாவதில்லை. கேட்டலாக்கில் போட்டிருக்கும் பேரிங் ஆயுளின் அர்த்தமே, அதுவரை 90 சதவீதம் பேரிங்குகள் தாங்கும் என்பதுதான். மீதிப் பத்து சதவீதம் அதற்கு முன்பே போகும். எது போகும் என்று கேட்டலாக்குக்குத் தெரியாது. சென்சார் சொல்லக்கூடியது, "இது அந்தப் பத்தில் ஒன்றுபோலத் தெரிகிறது, சில வாரம் அவகாசம் இருக்கிறது" என்பது. எனக்கு அதுவே போதும். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்துக்குள் பேரிங் வாங்கி வைக்கலாமே.

மென்பொருள் முதல் சில வாரம் இயந்திரத்தைக் கவனித்து "இதுதான் இயல்பு" என்று கற்றுக்கொள்கிறது. அந்த நேரத்தில் இயந்திரம் ஏற்கெனவே நோயாளியாக இருந்தால் நோயையே இயல்பு என்று படித்துவிடும். மாட்டுகிற நாளில் கையடக்க மீட்டரில் ஒருமுறை அளந்து, மோசமாக இருப்பவற்றைச் சரி செய்துவிட்டுத்தான் கற்கவே விட வேண்டும்.

இதற்குத் தெரியாதது எது?

நிறைய. சிங்கிள் ஃபேஸிங்கில் (மூன்று ஃபேஸில் ஒன்று போய்விடுவது) மோட்டார் எரிவது, மின்னல், வைண்டிங்கில் இன்சுலேஷன் உடைவது, பெல்ட் படாரென்று அறுவது எதற்கும் இது முன்னறிவிப்பு தராது. அவற்றுக்கு ரிலேயும் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) சோதனையும்தான். மோட்டார் சூடு தொடர்ந்து ஏறினால் சென்சாரின் வெப்பநிலை எண் காட்டும், அதை அலட்சியம் செய்யாதீர்கள்; பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார்காரர்களின் பழைய கணக்கு.

மெதுவாகச் சுற்றும் இயந்திரங்களும் கஷ்டம். 600 சுற்றுக்குக் கீழே போனால் அடிப்படை அதிர்வே 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடும், சாதாரண அளவீட்டில் அது விழாது. பிஸ்டன் கம்ப்ரசர் எப்போதுமே உதறும். அதற்கு ஃபேனின் எல்லையைப் போட்டால் அலாரம் ஓயாது.

நாங்கள் அட்டவணைப்படி ஓவர்ஹால் செய்கிறோம். அது போதாதா?

இந்தக் கேள்விக்கு விமானக்காரர்களிடம்தான் நல்ல பதில் இருக்கிறது. யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலன், ஹீப் என்ற இரண்டு பேர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். விமானப் பாகங்களில் வயது ஆக ஆகக் கெடும் வாய்ப்பு தெளிவாகக் கூடுவது 11 சதவீதத்துக்கு மட்டும். மீதி 89 சதவீதத்துக்கு "இத்தனை மணி நேரம் ஓடியதும் மாற்று" என்ற விதியால் பெரிய பலன் இல்லை. 68 சதவீதத்துக்கு, மாட்டிய புதிதில்தான் ஆபத்து அதிகம்.

அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் வேலை பார்த்த உயிரியலாளர் சி.எச். வாடிங்டன் இன்னும் வேடிக்கையான ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் போகும் விமானங்களில், திட்டமிட்ட பராமரிப்பு முடிந்த உடனேதான் பழுதுகள் அதிகமாக வந்தன; நாள் போகப் போகக் குறைந்தன. நன்றாக ஓடுவதைக் கழற்றி மாட்டியதே கோளாறு.

மில் இயந்திரம் விமானம் அல்ல, அந்தச் சதவீதங்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் நன்றாக ஓடிய மோட்டாரை வருடாந்திர ஓவர்ஹாலில் கழற்றி, சுத்தியால் தட்டி பேரிங் ஏற்றி, மூன்றாம் நாள் சத்தம் போட்ட கதை நம் எல்லோரிடமும் இருக்கிறது. எண் நன்றாக இருந்தால் திறக்காமல் விடுவது, எனக்குத் தெரிந்து இந்த சென்சாரின் பெரிய லாபம். சுத்தம் செய்வது, பெல்ட் இழுவை பார்ப்பது போன்றவை வழக்கம்போல் நடக்கட்டும்.

அலாரம் வந்துவிட்டது. முதல் வேலை என்ன?

பேரிங் வாங்க ஓடாதீர்கள். போய்ப் பாருங்கள்.

எங்கள் ரிட்டர்ன் ஏர் ஃபேன் ஒன்றில் வேகம் 2.1-லிருந்து மெல்ல மெல்ல 5-ஐத் தாண்டியது. பேரிங் என்று முடிவு கட்டி ஆர்டரும் போட்டுவிட்டோம். நிறுத்தித் திறந்து பார்த்தால் ஒரு இறக்கையில் மட்டும் பஞ்சு ஈரத்தோடு அப்பிப் பாளமாக இருந்தது. சுரண்டித் துடைத்து ஓட்டியதும் 2-க்கு வந்துவிட்டது. வாங்கிய பேரிங் இன்னும் ஸ்டோரில் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்திருந்தால் சுற்று வேகத்தில் ஒற்றை முள் நின்றது அன்றே தெரிந்திருக்கும். யாரும் திறந்து பார்க்கவில்லை, நான் உட்பட.

உயர் அதிர்வெண் மட்டும் ஏறியிருந்தால் கிரீஸ் ஒரு நல்ல சோதனை. பேரிங்குக்கு ஏற்ற அளவில், ஏற்கெனவே உள்ள அதே வகை கிரீஸ் கொடுங்கள். எண் இறங்கி அப்படியே நின்றால் பட்டினிதான் காரணம். இறங்கிவிட்டுச் சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ மறுபடி ஏறினால் உள்ளே காயம் இருக்கிறது, மாற்ற நாள் குறியுங்கள். ஏறவே செய்தால் கிரீஸை அதிகமாகத் திணித்துவிட்டீர்கள். "இன்னும் நாலு பம்ப் அடிப்பா" என்ற நல்லெண்ணத்தில் செத்த பேரிங்குகள் எண்ணிலடங்கா.

எனக்குத் தெரிந்த ஒரு மில்லில் சூப்பர்வைசர், தினமும் மஞ்சள் அலாரம் வருகிறதென்று ஃபோனில் சத்தத்தை அணைத்து வைத்துவிட்டார். நான்காவது வாரம் சனிக்கிழமை ராத்திரி கம்ப்ரசர் மோட்டார் இறுகி நின்றது. சென்சார் இருபது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. உப்புக்குப் பெறாத அலாரங்கள் நடுவே உண்மையான ஒன்று வந்தால் யாருக்குத்தான் தெரியும்? அதனால் அலாரம் எத்தனை வந்தது என்பதைவிட, ஒவ்வொன்றுக்கும் யார் போய்ப் பார்த்தார், என்ன கண்டார் என்று எழுதும் நோட்டு முக்கியம். எங்கள் மில்லில் அது இன்னமும் காகித நோட்டுதான்.

இதை நாமே செய்துகொள்ள முடியாதா? சிப் மலிவாகக் கிடைக்கிறதே.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அருமையான புராஜெக்ட். எம்.பி.யூ. 6050 போர்டு விநாடிக்கு 1,000 முறை முடுக்கத்தை அளக்கும். அதில் பாதி, 500 ஹெர்ட்ஸ் வரைதான் எதையும் பிரித்துப் பார்க்க முடியும். பேலன்ஸ், அலைன்மென்ட் தெரியும். பேரிங்கின் முதல் முனகல் தெரியாது. ஏ.டி.எக்ஸ்.எல். 345 என்றால் 1,600 ஹெர்ட்ஸ் வரை போகலாம். தொழிற்சாலைக்கென்றே வந்த ஏ.டி.எக்ஸ்.எல். 1002 போன்றவை 11,000 வரை போகும், விலையும் அதற்கேற்ப. அது தவிர ஈரம், பஞ்சு, ஐந்து வருடப் பேட்டரி என்று யோசித்தால், மில்லுக்கு வாங்குவதே மலிவு.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

எத்தனை ஹெர்ட்ஸ் வரை அளக்கும், முழு அலையும் என் கைக்கு வருமா அல்லது பச்சை, மஞ்சள், சிவப்பு மட்டும்தானா என்பது முதல் கேள்வி. வருடச் சந்தா கட்டாவிட்டால் பழைய பதிவுகள் என்ன ஆகும் என்பது இரண்டாவது. இதைக் கேட்டதும் சிலர் முகம் மாறும். மெஷின் நின்றிருக்கும்போது எடுத்த அளவை அது எப்படித் தள்ளிவைக்கிறது என்றும் கேளுங்கள். இல்லையென்றால் சராசரியே பொய்யாகிவிடும். வரைபடத்தைப் படித்துச் சொல்ல அவர்களிடம் ஐ.எஸ்.ஓ. 18436-2 சான்றிதழ் பெற்ற ஆள் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். நான்கு நிலைகள் உண்டு. இரண்டாம் நிலை ஆள் இருந்தாலே நம் வேலைக்குத் தாராளம்.

செலவு திரும்பி வருமா?

உங்கள் பழைய பிரேக்டவுன் நோட்டை எடுத்து, கடந்த இரண்டு வருடத்தில் அந்த ஃபேன்களும் கம்ப்ரசர்களும் நின்ற மணி நேரத்தைக் கூட்டுங்கள். அதில் பேரிங், பேலன்ஸ், அலைன்மென்ட் என்று எழுதியவை மட்டும் எவ்வளவு? அதை மணிக்கு எவ்வளவு நூல் போனது என்பதால் பெருக்குங்கள். சென்சார் விலை, கேட்வே, வருடச் சந்தா எல்லாவற்றையும் அதோடு வைத்துப் பாருங்கள். சில மில்களுக்கு வரும். நன்றாகப் பராமரித்து, பிரேக்டவுனே அபூர்வமாக இருக்கும் மில்லுக்கு வராது.

ஃபிட்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். தங்களை உளவு பார்க்க வைத்தது என்று ஒருவர் நினைத்திருந்தார். எங்கள் மூத்த ஃபிட்டர் ஒரு நாள் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துவிட்டு, "தம்பி, உங்க டப்பா என்ன சொல்லுது?" என்று கேட்டார். மஞ்சள் என்றேன். "நானும் அதத்தான் சொல்றேன்" என்றார். அன்றிலிருந்து டப்பா மஞ்சள் காட்டினால் அவரைக் கேட்டுவிட்டுத்தான் நாள் குறிக்கிறோம். இரண்டு தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

தீர்ந்த பேட்டரியை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள், பஞ்சு வேஸ்ட்டோடு கலக்கவே விடாதீர்கள். லித்தியம் செல் நசுங்கினாலோ சூடானாலோ வெடிக்கக்கூடியது. சார்ஜ் செய்து பார்ப்போமே என்ற யோசனையும் வேண்டாம், இது அந்த வகை செல் அல்ல. முனைகளை டேப் ஒட்டி மூடி, தனி டப்பாவில் சேர்த்து, 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி மறுசுழற்சிக்காரரிடமோ விற்றவரிடமோ திருப்பிக் கொடுங்கள். டப்பாவை எலெக்ட்ரிக்கல் ரூமில் வையுங்கள், ப்ளோ ரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இடம்) பக்கம் வேண்டாம்.